மூக்கால ஊதுற குழல் - கேளுங்க, சொல்றேன்

தைவான் தெற்குல பிங்டுங் மலைப்பக்கம் இருக்கிற பைவான் பழங்குடியினரோட மூக்குக்குழல் பத்தி என்ன வேணா கேளுங்க, ரொம்ப வருஷமா இது மேல எனக்கு தீராத ஆசை.

மதுரைக்காரன்: வாய் இருக்கும்போது மூக்கால ஏன் ஊதணும்?
பதில்: மூக்குக்காத்து வாய்க்காத்து அளவுக்கு வேகமா வராதுங்க, அதனால சத்தம் மெலிசா, லேசா நடுங்கி, தேம்பித் தேம்பி அழுறவங்க மூச்சு மாதிரியே வரும். அங்க ஊர்த்தலைவர் குடும்பத்துல சாவு விழுந்தா துக்கத்துக்கு இதத்தான் வாசிப்பாங்க. நம்ம ஒப்பாரியிலயாவது சொல்லு இருக்கு, இதுல வெறும் மூச்சுதான். பொண்ணு மனசுல இடம் பிடிக்கவும் இதே குழல்தான், ரெண்டு இடத்துலயும் ஏங்குற மனசு ஒண்ணுதானே.

குழல்பித்தன்: எத்தனை துளை?
பதில்: ரெண்டு மூங்கில் குழாய சேர்த்துக் கட்டியிருக்கும், மூக்கோட ஒவ்வொரு துவாரத்துக்கும் ஒண்ணு. ஒரு குழாய்ல விரல் வைக்க 3 துளை, இன்னொண்ணுல ஒண்ணுமே கிடையாது, அது ஒரே சுதியில நின்னுக்கிட்டே இருக்கும், நாதஸ்வரத்துக்கு பக்கத்துல ஒத்து ஊதுறாங்களே அந்த வேலை. மேல்முனைய மரக்கட்டையால அடைச்சு சின்ன இடுக்கு மட்டும் விட்டிருப்பாங்க, காத்து அதுவழியா போய் விளிம்புல மோதும். நான் முதல் தடவை ஊதினப்போ வெறும் 'ஸ்ஸ்'தான் வந்துச்சு, தலைய ஒரு நூல் சாய்ச்சதும் பட்டுனு சுரம் பிடிச்சுது, கை சிலிர்த்துப் போச்சு.

தேனி அக்கா: ஏதோ பாம்புக் கதை இருக்காமே தம்பி?
பதில்: ஆமாக்கா, நூறடிப் பாம்பு. கடிச்சா நூறு அடி நடக்கிறதுக்குள்ள ஆள் விழுந்துடுவான்னு அந்தப் பேரு. பைவான் மக்களுக்கு அது மூதாதை மாதிரி, குழலோட சத்தமே அந்தப் பாம்போட குரல்னுதான் சொல்லுவாங்க.

ராகப்பிரியா: நான் ஆன்லைன்ல வாங்கின பிளாஸ்டிக் மூக்கு விசிலும் இதுதானா?
பதில்: இல்லைங்க, அது வேற. அதுல மூக்குக்காத்து உங்க வாய் முன்னாடி போகும், வாய சின்னதா பெருசா ஆக்கி சுரத்த மாத்துவீங்க, விரல் துளையே இருக்காது.

சும்மாவந்தவன்: இப்ப யாராச்சும் வாசிக்கிறாங்களா?
பதில்: வாசிக்கிறாங்க. பைராங் பவவல்யுங், கிலெகிலாவ் பவாலியுஸ்னு ரெண்டு பெரியவங்கள 2011ல தைவான் அரசாங்கம் இந்தக் கலையக் காக்குறவங்கன்னு அங்கீகரிச்சுது. ரெண்டு பேருமே உக்காந்து பிள்ளைங்களுக்கு சொல்லிக் கொடுத்தாங்க, அதனாலதான் இன்னிக்கும் அந்த மலையில இந்தச் சத்தம் கேக்குது.

தேனி அக்கா: சளி பிடிச்சா?
பதில்: அன்னிக்கு குழல தொடவே முடியாதுக்கா, நானும் மழைக்காலம் முழுக்க சுவத்துல மாட்டி வச்சு பாத்துக்கிட்டேதான் இருப்பேன்.