கிக் மேல் கிக் அடுக்கியும் சத்தம் எடுபடவில்லையா?

கேள்வி: எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளில் ஹவுஸ் (நடன இசை வகை) டிராக் செய்து பழகுகிறேன். மூன்று சாம்பிள் பேக்குகளிலிருந்து (பதிவு செய்த ஒலிகளின் தொகுப்புகள்) பேக்குக்கு ஒரு கிக் (பேஸ் டிரம் அடி) எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறேன். தனித்தனியாகக் கேட்டால் எல்லாமே நன்றாக இருக்கின்றன; சேர்த்து ஓடவிட்டால் சப்பென்று ஆகிவிடுகிறது. லேயரிங்குக்கென்றே (இப்படி அடுக்குவதற்கென்றே) செய்தது என்று விளம்பரம் செய்யும் ஒரு பேக்கும், கிக் ஒலியை உருவாக்கும் ஒரு பிளக்-இன்னும் (துணை மென்பொருள்) தள்ளுபடியில் கிடைக்கின்றன. எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். தனியாக நன்றாக இருப்பது சேர்ந்தால் மெலிகிறது என்றால், உங்கள் சாம்பிள்களில் குறை இல்லை. மூன்று கிக்கிலும் அடி அதிர்வு (தாழ்ந்த பேஸ் ஒலி) இருக்கிறது, அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

கணக்கு எளிது. 50 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்று முடிக்க 20 மில்லி விநாடி ஆகும். இரண்டாவது கிக்கின் அலை அதில் பாதி, அதாவது 10 மில்லி விநாடி, தள்ளி விழுந்தால் ஒன்று மேலே ஏறும்போது மற்றது கீழே இறங்கும். பேஸ் காணாமல் போய்விடும். நாலாவது கிக்கைச் சேர்த்தால் இந்தச் சிக்கல் இன்னும் கூடும்.

காசு செலவில்லாமல் சோதித்துப் பாருங்கள். ஒவ்வொரு கிக்கையும் தனித்தனி மிக்சர் டிராக்கில் போட்டு, ஒன்றில் மட்டும் போலாரிட்டியைத் திருப்பும், அதாவது அலையைத் தலைகீழாக்கும், பட்டனை அமுக்குங்கள். சட்டென்று அடி கனத்தால் கோளாறு அதுதான். அப்புறம் அலை வடிவத்தைப் பெரிதாக்கி, முதல் பெரிய மேடு எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் வருமாறு நகர்த்துங்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் இதையெல்லாம் முடிவு செய்ய வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் அதில் கேட்காது. ஹெட்போன் வேண்டும். கண்ணாலும் பார்க்க வோக்ஸெங்கோ நிறுவனத்தின் ஸ்பான் என்ற இலவச அனலைசர் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் பிளக்-இன்) போதும்.

சரிக்கட்டும் வழி, அடி அதிர்வை ஒரே ஒரு கிக்கிடம் விட்டுவிடுவது. அதன் சுருதி பேஸ் வரியோடு ஒத்துப்போகட்டும். இன்னொன்றை 150-200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹைபாஸ் ஃபில்டரால் வெட்டி, அதன் நடுப்பகுதியையோ 'டக்' என்ற முதல் அடியையோ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரும் ஃபேஸை (அலை ஏறி இறங்கும் நேரத்தை) நகர்த்தும் என்பதால், வெட்டிய பிறகு போலாரிட்டியை மறுபடி ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். மூன்றாவது கிக் எதற்கு இருக்கிறது என்று உங்களுக்கே சொல்லத் தெரியவில்லையென்றால் எடுத்துவிடுங்கள். ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக்கிக்கொள்ள வேண்டும். சத்தம் அதிகமாக இருப்பது எப்போதுமே காதுக்கு நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஹவுஸ் கிக் என்றதும் நம் காதில் ஒலிப்பது பெரும்பாலும் ரோலண்ட் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட டிஆர்-909 டிரம் மெஷினின் கிக். அது சாம்பிளே இல்லை, அனலாக் சர்க்யூட். உயரத்தில் தொடங்கிச் சட்டென்று கீழே இறங்கும் ஒரு சுருதி, அதன் தலையில் ஒரு சின்ன 'க்ளிக்'. அட்டாக் குமிழ் அந்தக் க்ளிக்கைக் கூட்டிக் குறைக்கும். டிகே குமிழ் ஒலி அடங்கும் வாலை நீட்டிச் சுருக்கும். இரண்டு லேயரின் வேலை அந்த ஒரு அடிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. சந்தையில் உள்ள எத்தனையோ பேக்குகள் இந்த 909, அதற்கு முந்தைய 808 ஆகியவற்றின் பதிவுகளைக் கொஞ்சம் மெருகேற்றித் தருபவைதான். உங்களிடம் உள்ள மூன்று பேக்குகளிலேயே இவை இருக்கின்றனவா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

இதற்குப் பிறகும் வாங்கத் தோன்றினால், பேக்கைவிட பிளக்-இன்னுக்கு என் ஓட்டு. ஒவ்வொரு அடியையும் ஒரே இடத்திலிருந்து தொடங்க வைக்கலாம், சுருதியை நோட் கணக்கில் வைக்கலாம். டெமோ பதிப்பு இருந்தால் உங்கள் டிராக்கிலேயே போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். டெமோவே இல்லாததை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். பேக் என்றால், விளம்பரத்தில் ஓடும் முழுப் பாட்டை நம்பாதீர்கள். அதில் பேஸ், கம்ப்ரஸர், மாஸ்டரிங் எல்லாம் சேர்ந்திருக்கும். ஒன்-ஷாட்டுகளை (ஒற்றை அடி ஒலிகளை)த் தனியாகக் கேட்க விடுகிறார்களா என்று பாருங்கள். டவுன்லோட் செய்த பிறகு பெரும்பாலும் பணம் திரும்பாது. தள்ளுபடி முடியப்போகிறதே என்ற பதற்றமும் வேண்டாம், நவம்பர் கடைசியில் ஆண்டுதோறும் பெரிய தள்ளுபடிகள் வருகின்றன.

கேள்வி: ஃப்ரீசவுண்ட் தளத்தில் எடுத்த ஒரு கைதட்டல் ஒலியை ஸ்னேர் டிரம் ஒலிக்கு அடியில் லேசாக வைத்திருக்கிறேன். பாட்டை விற்கப் போகிறேன். பிரச்சினை வருமா?

பதில்: அந்தக் குறிப்பிட்ட ஒலியின் உரிமத்தைப் பொறுத்தது. ஒரே தளம்தான் என்றாலும் ஒவ்வொரு ஒலிக்கும் அதைப் பதிவேற்றியவர் தனியாக உரிமம் தேர்ந்திருப்பார். சிசி ஜீரோ (பதிவேற்றியவர் தன் உரிமையை விட்டுக்கொடுத்தது) என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். அட்ரிபியூஷன் என்றால் அவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். நான்-கமர்ஷியல் என்றிருந்தால் விற்கும் பாட்டில் போடக் கூடாது. நாலு ஒலிகளுக்கு அடியில் மறைந்திருக்கிறது என்பதால் அது மாறிவிடாது. டவுன்லோட் செய்யும்போதே உரிமத்தின் பெயரைக் கோப்பின் பெயரோடு சேர்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.