சிஎஸ் 2 (கவுன்டர்-ஸ்ட்ரைக் 2) விளையாட்டில் ஒரே பெயர், ஒரே தேய்மான நிலை உள்ள இரண்டு ஸ்கின்களின் (ஆயுதத்தின் மேல் வரும் அலங்காரப் பூச்சு) விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

ஸ்கின்னின் பெயரும் தேய்மான நிலையும் தெருப் பெயர் மாதிரி. கதவு எண் வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்கின்னுக்கும் அது உருவாகும்போதே இரண்டு எண்கள் ஒதுக்கப்படுகின்றன: தேய்மானத்தைச் சொல்லும் ஃப்ளோட், வடிவம் எப்படி விழுந்திருக்கிறது என்பதைச் சொல்லும் பேட்டர்ன் எண். இந்த இரண்டில் எது உங்கள் ஸ்கின்னுக்கு முக்கியம் என்பது அந்த ஸ்கின் எந்த வகைப் பூச்சு என்பதைப் பொறுத்தது. இதைப் பிடித்துக்கொண்டால் விலைக் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

முதலில் ஃப்ளோட். 0-க்கும் 1-க்கும் இடையிலான தசம எண் இது. 0.07 வரை ஃபேக்டரி நியூ, 0.07 முதல் 0.15 வரை மினிமல் வேர், 0.15 முதல் 0.38 வரை ஃபீல்ட் டெஸ்டட், 0.38 முதல் 0.45 வரை வெல் வோர்ன், அதற்கு மேல் 1 வரை பேட்டில் ஸ்கார்ட். எத்தனை ஆயிரம் ரவுண்டு விளையாடினாலும் இந்த எண் மாறாது. ஸ்டிக்கரைச் சுரண்டினாலும் மாறாது, கை மாறினாலும் மாறாது. 'பழசு ஆக ஆகத் தேயும்' என்று நம்பி ஸ்கின்னைப் பூட்டி வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. தாராளமாக எடுத்து விளையாடலாம்.

இந்தப் பட்டைகளின் அகலம் சமமில்லை என்பதைக் கவனியுங்கள். ஃபீல்ட் டெஸ்டட் மட்டும் 0.23 அகலம். அதனால் 0.16-ம் 0.37-ம் ஒரே பெயரில் விற்கின்றன. பார்க்க இரண்டும் வெவ்வேறு துப்பாக்கி. நேர்மாறாக, 0.149-க்கும் 0.151-க்கும் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் கிடையாது, ஆனால் முதலாவது மினிமல் வேர் விலையில் நிற்கும். அழகுக்காக வாங்குகிறவருக்கு என் முதல் பரிந்துரை, எல்லைக்கோட்டைச் சற்றே தாண்டிய ஃபீல்ட் டெஸ்டட். 0.15-ஐ ஒட்டியவற்றுக்கு விற்பவர்களும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், ஆனாலும் பெரும்பாலும் மினிமல் வேரைவிட மலிவாகவே அமையும்.

எல்லா ஸ்கின்களும் 0 முதல் 1 வரை வருவதில்லை என்பது அடுத்த விஷயம். ஒவ்வொன்றுக்கும் விளையாட்டைத் தயாரித்த வால்வ் நிறுவனம் கீழ்வரம்பும் மேல்வரம்பும் வைத்திருக்கிறது. ஏகே-47 ரெட்லைன் 0.10-ல் தொடங்கி 0.70-ல் முடிகிறது. ஆகவே ஃபேக்டரி நியூ ரெட்லைன் என்று ஒன்று கிடையவே கிடையாது. யாராவது காட்டினால் நகர்ந்துவிடுங்கள். ஏடபிள்யூபி என்ற ஸ்னைப்பர் துப்பாக்கியின் அசீமோவ் ஸ்கின் 0.18-ல்தான் தொடங்குகிறது. 'எவ்வளவு தேடியும் 0.15 கிடைக்கவில்லை' என்று புலம்ப வேண்டாம், 0.18-ஐ ஒட்டியதே அதன் உச்சம். கத்திகளில் கிரிம்சன் வெப் 0.06 முதல் 0.80 வரை. ஃபேக்டரி நியூவுக்கு 0.06-க்கும் 0.07-க்கும் நடுவில் ஒரு கீற்று மட்டுமே இருப்பதால்தான் அதற்கு அந்த விலை. டாப்ளர், ஃபேட் கத்திகள் 0.08-ஐத் தாண்டாது. அங்கே மினிமல் வேர் என்றால் 0.07-க்கும் 0.08-க்கும் இடைப்பட்டது, அதுவும் பளபளப்பாகவே இருக்கும்.

தேய்மானம் எப்படித் தெரியும் என்பது பூச்சின் வகையைப் பொறுத்தது. சஃபாரி மெஷ் போன்ற ஸ்ப்ரே பெயின்ட் வகையில் விளிம்புகளில் பூச்சு உரிந்து அடி உலோகம் எட்டிப் பார்க்கும். அசீமோவ் கஸ்டம் பெயின்ட் வகை. அதன் வெள்ளைப் பரப்பில் கீறல்கள் முதலிலேயே கண்ணை உறுத்தும். ஃப்ளோட் ஏற ஏற வெள்ளை கரைந்துகொண்டே போய், 1-ஐ நெருங்கும்போது ஏடபிள்யூபியின் ஸ்கோப் முழுவதும் கறுப்பாகிவிடும். சேகரிப்பவர்கள் இதைப் 'பிளாக்கிமோவ்' என்று தனியாகப் பெயரிட்டு, சாதாரண பேட்டில் ஸ்கார்டைவிடக் கூடுதல் கொடுத்து வாங்குகிறார்கள். மிக மோசமான ஃப்ளோட்டே மதிப்பாகும் இடம் இது. பட்டினா வகையான கேஸ் ஹார்டன்டில் நடப்பது வேறு: நிறம் மங்கி, கறுத்துப்போகும். நீலம் கருநீலமாகும். எனவே 'ஃப்ளோட் குறைவாக இருந்தால் நல்லது' என்ற பொது விதியை வைத்துக்கொண்டு எல்லா ஸ்கின்னையும் எடை போடாதீர்கள்.

இனி பேட்டர்ன். இதில்தான் பெரிய பணம் இருக்கிறது, ஏமாற்றும் இருக்கிறது.

ஒரே டிசைன் போட்ட பெரிய துணியிலிருந்து சட்டைகள் வெட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தையல்காரர் ஒவ்வொரு முறையும் கத்தரியை வேறு இடத்தில், வேறு கோணத்தில் வைக்கிறார். ஒரு சட்டையின் மார்பில் பெரிய பூ விழும், இன்னொன்றில் வெறும் தரை விழும். துணி ஒன்றுதான். பேட்டர்ன் எண், கத்தரி எங்கே விழுந்தது என்பதைச் சொல்கிறது. சுமார் ஆயிரம் எண்கள் உண்டு. அசீமோவ் மாதிரியானவை தைத்து முடித்த சட்டைமேல் தீட்டிய படம். அங்கே எந்த எண் வந்தாலும் படம் அதே இடத்தில்தான் நிற்கும். 'அபூர்வ பேட்டர்ன் அசீமோவ்' என்று யாராவது கூடுதல் கேட்டால் கொடுக்காதீர்கள்.

துணி வெட்டும் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு கேஸ் ஹார்டன்ட். 2013 ஆகஸ்டில், சிஎஸ் 2-வுக்கு முந்தைய சிஎஸ் கோ விளையாட்டுக்கு ஸ்கின்கள் முதன்முதலில் வந்தபோதே, அந்த முதல் கேஸிலேயே (ஸ்கின்கள் வரும் பெட்டி) ஏகே-47 கேஸ் ஹார்டன்ட் இருந்தது. நிஜ உலகில் எஃகைக் கரியோடு சூடாக்கிக் கடினப்படுத்தும்போது மேற்பரப்பில் நீலம், ஊதா, பொன் நிறங்கள் படரும். அதைப் பார்த்துச் செய்தது இது. ஏகே-யை விளையாட்டின் இன்ஸ்பெக்ட் திரையில் (ஆயுதத்தை அருகில் பார்க்கும் திரை) திருப்பிப் பாருங்கள்: மரப் பாகங்கள் பழுப்பாகவே இருக்க, மேல்மூடி, உடல், மேகஸின் ஆகிய உலோகப் பாகங்களில் மட்டும் நிறம் திட்டுத்திட்டாகப் படர்ந்திருக்கும். பெரும்பாலான எண்களில் மஞ்சளும் சாம்பலும் கலந்து, நடுவில் கொஞ்சம் நீலம். சில எண்களில் மட்டும் நீலத் திட்டு சரியாக மேல்பாகம் முழுவதையும் மூடும். இதைத்தான் 'புளூ ஜெம்' என்கிறார்கள். ஏகே-யில் 661 எண் இதற்குப் பேர்போனது.

இங்கே ஒரு முக்கியமான கண்ணி: எண்ணின் புகழ் ஒரு துப்பாக்கியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாது. ஆளின் உடம்பு மாறினால் அதே இடத்தில் வைத்த கத்தரி வேறு துண்டைத் தரும் அல்லவா? கரம்பிட் கத்தியில் கொண்டாடப்படுவது 387. 'எண் 661 கரம்பிட், புளூ ஜெம்' என்று விளம்பரம் வந்தால், எண்ணை மறந்துவிட்டுக் கத்தியைத் திருப்பிப் பாருங்கள்.

எந்தப் பக்கம் என்பதும் விலையில் பாதி. விளையாடும்போது நம் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தை பிளே சைடு என்பார்கள், மறுபக்கம் பேக் சைடு. நீலம் முழுக்கப் பின்பக்கம் விழுந்த துண்டை 'எழுபது சதவீதம் நீலம்' என்று விற்பது பழைய உத்தி. சதவீதம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் ஆடும்போது உங்களுக்குத் தெரிவது மஞ்சள்தான்.

ஃபேட் வகையில் ஊதா, இளஞ்சிவப்பு, மஞ்சள் மூன்றும் உலோகத்தின்மேல் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதே கணக்கு. அதைச் சதவீதமாகச் சொல்கிறார்கள், கத்திகளில் ஏறக்குறைய 80 முதல் 100 வரை. இந்தச் சதவீதம் வால்வ் தருவது அல்ல, எண்ணிலிருந்து சேகரிப்பாளர்கள் கணக்கிட்டது. அதேபோல மார்பிள் ஃபேடில் மஞ்சள் துளியும் இல்லாமல் சிவப்பும் நீலமும் மட்டும் விழுந்தால் 'ஃபயர் அண்ட் ஐஸ்'. கரம்பிட்டில் 412 அதன் தலைமகன்.

டாப்ளரை இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. டாப்ளரின் உட்பிரிவுகளான ஃபேஸ் 1 முதல் 4, ரூபி, சஃபையர், பிளாக் பேர்ல் ஆகியவை பேட்டர்ன் எண்ணால் பிரிவதில்லை, ஒவ்வொன்றுக்கும் துணியே வேறு. உள்ளே தனித்தனிப் பூச்சு எண் இருக்கிறது. முதலில் வந்த டாப்ளர் கத்திகளில்: ரூபி 415, சஃபையர் 416, பிளாக் பேர்ல் 417, ஃபேஸ்கள் 418 முதல் 421 வரை. ஆனால் பொருளின் பெயரில் இது எதுவும் தெரியாது, வால்வின் ஸ்டீம் தளச் சந்தையில் எல்லாம் 'டாப்ளர்' என்றே ஒரே பக்கத்தில் கிடக்கும். ரூபியை ஃபேஸ் 3 விலைக்கு விற்றுவிட்டவர்கள் தவறியது இங்கேதான்.

பார்க்கும் முறை எளிது. உங்களிடம் இருக்கும் ஸ்கின்னை விளையாட்டிலேயே இன்ஸ்பெக்ட் செய்து, தகவல் குறியைத் தொட்டால் தேய்மான மதிப்பும் பேட்டர்ன் எண்ணும் வரும். சந்தையில் இருப்பதை வாங்கும் முன் 'விளையாட்டில் இன்ஸ்பெக்ட் செய்' இணைப்பைத் திறந்து அதே திரைக்குப் போங்கள். பட்டியல் பக்கத்திலேயே ஒவ்வொன்றின் எண்களையும் காட்ட சிஎஸ்ஃப்ளோட் போன்ற உலாவி நீட்சிகள் உண்டு. நீட்சியை அதன் அதிகாரப்பூர்வ கடைப் பக்கத்திலிருந்து மட்டும் நிறுவுங்கள். போலி நீட்சியும் போலி ஸ்டீம் நுழைவுப் பக்கமும்தான் சரக்கு பறிபோகும் முக்கிய வழிகள்.

விற்பவர் அனுப்பும் படத்தை ஆதாரமாக எடுக்காதீர்கள். 2023 செப்டம்பரில் சிஎஸ் 2 வந்தபோது ஒளியமைப்பே மாறியது. பழைய சிஎஸ் கோ காலத்துப் படத்தில் மங்கலாக இருந்தது இப்போது மின்னலாம், நேர்மாறாகவும் ஆகலாம். இரண்டு பக்கத்தையும் திருப்பி, வெளிச்சமான இடத்திலும் நிழலிலும் நீங்களே பாருங்கள்.

விலையைப் பற்றி ஒன்று. பேட்டர்னுக்காகக் கொடுக்கும் கூடுதல் தொகைக்கு நிலையான சந்தை விலை கிடையாது. தர வரிசைப் பட்டியல்கள் எல்லாம் சேகரிப்பாளர்கள் போட்டவை. அவசரத்துக்கு விற்கப் போனால் வாங்குகிறவர் சாதாரண துண்டின் விலையைத்தான் பேசுவார், அந்தப் பேட்டர்னை விரும்பும் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஸ்டீம் சந்தையில் விற்றால் 15 சதவீதம் பிடித்தம் (ஸ்டீமுக்கு 5, விளையாட்டுக்கு 10), மீதியும் ஸ்டீம் பணப்பையில்தான் விழும், வங்கிக்கு வராது. அடிப்படை விலையும் ஒரே இரவில் ஆட்டம் காணும்: 2025 அக்டோபரில் ஐந்து கோவர்ட் (சிவப்பு அபூர்வ நிலை) ஸ்கின்களைக் கொடுத்துக் கத்தியாகவோ கையுறையாகவோ மாற்றலாம் என்று வால்வ் விதியைத் திறந்துவிட்டபோது கத்தி விலைகள் சரிந்தன.

எனவே வாங்கும் முன் அதே ஸ்கின், அதே நிலையில் உள்ள மலிவான துண்டின் விலையைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்கும் விலையிலிருந்து அதைக் கழித்தால் வருவதுதான் ஃப்ளோட்டுக்கும் பேட்டர்னுக்கும் நீங்கள் கொடுப்பது. ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதற்கான தொகையையும் விற்பவரிடம் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். பிரித்துச் சொல்ல மறுத்தால், அடுத்த துண்டைப் பாருங்கள்.