வளர்ந்துவரும் புறநகர் குடும்பத்துக்குச் சரிப்படுமா?

புதிதாக வளரும் புறநகரில் குழந்தைகளோடு குடியேறலாமா, எதை வைத்து முடிவெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீட்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் வேலைநாளில், பள்ளி விடும் நேரத்தில் தெருவில் போய் நில்லுங்கள். பிள்ளைகள் நடந்து வருகிறார்களா, எல்லோரையும் வண்டியில் ஏற்றித்தான் கொண்டுவருகிறார்களா? நடைபாதை பாதியில் நின்றுபோய், சாலையைக் கடக்க வழியில்லை என்றால் இன்னும் பல வருடங்களுக்கு நீங்கள்தான் ஓட்டுநர்.

இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் வீடுகள் முதலில் வந்துவிடும். பள்ளி, மருத்துவமனை, பேருந்து எல்லாம் மெதுவாகத்தான் வரும். அதனால் பள்ளியின் பெயரை மட்டும் விசாரிக்காமல், உங்கள் பிள்ளையின் வகுப்பில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். வளாகத்தில் தற்காலிக வகுப்பறைகள் முளைத்திருந்தால் நெரிசல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ‘விரைவில் ரயில் நிலையம்’ என்ற விளம்பரத்தை, நிதி ஒதுக்கி வேலை நடந்தாலொழிய நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். எதிரிலுள்ள காலிமனை பூங்காவா கிடங்கா என்பதை உள்ளாட்சியின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் பார்க்கலாம்.

பலத்த மழைக்கு மறுநாளும் ஒரு நடை போய்வாருங்கள். மண்தரையை கான்கிரீட் மூட மூட, நீர் உள்ளே இறங்காமல் தெருவுக்கு வரும். பழைய வடிகால் தாங்காது. மதில் சுவர்களில் சேற்றுக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தரகர் அதைச் சொல்லமாட்டார்.