மாடியில் சோலார்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மூன்று கிலோவாட் சோலார் போட இரண்டு இடங்களில் கொட்டேஷன் வாங்கியிருக்கிறேன். ஒன்றில் 540 வாட் மோனோ பெர்க் பேனல் 6. மற்றதில் 575 வாட் டாப்கான் பேனல் 6. நீள அகலம் இரண்டுக்கும் ஒன்றுதான். இன்வெர்ட்டரும் ஸ்ட்ரக்சரும்கூட ஒரே மாதிரி. டாப்கானுக்கு 14,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். வீட்டில் இரு மாதத்துக்கு 850 யூனிட் வரை ஓடுகிறது. கூடுதல் பணம் கொடுக்கலாமா? – வாசகர், திருநகர், மதுரை.

பதில்: இப்போதைய செலவுக்கு வேண்டாம். பெர்க், டாப்கான் இரண்டும் பேனலுக்குள் மின்சாரம் தரும் செல்லைச் செய்யும் முறைகள்; டாப்கான் பிந்தையது. கணக்கைப் பாருங்கள்.

540 வாட் பேனல் 6 என்றால் 3.24 கிலோவாட். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் என்று வைத்தால், இரு மாதத்துக்குச் சுமார் 780 யூனிட் வரும். 850இல் அது கழிந்தால் மிச்சம் 70 யூனிட்.

டாப்கானில் 3.45 கிலோவாட். வாட் அதிகம் என்பதால் இரு மாதத்துக்கு 50 யூனிட் கூடும். வெப்பத்தைத் தாங்குவதிலும் அதற்கு ஒரு லாபம் உண்டு. பேனலின் மேல் எழுதியிருக்கும் வாட், செல்லின் சூடு 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. மே மாத நண்பகலில் மொட்டை மாடியில் அந்தச் செல் 65 டிகிரியைத் தொடும். பெர்க் பேனல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் இழக்கும். 40 டிகிரி ஏறினால் 14 சதவீதம் போச்சு. டாப்கான் இழப்பது 0.29 முதல் 0.30 வரை, அதே சூட்டில் 12 சதவீதம். ஆக உச்சி வெயிலில் இரண்டு சதவீத வித்தியாசம். இதற்காக இன்னொரு 15 யூனிட் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் இரு மாதத்துக்கு 65 யூனிட் கூடுதல்.

அந்த 65 யூனிட் எந்தப் படியில் இருந்து கழிகிறது என்பதுதான் கேள்வி. நம் மின் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 500 யூனிட்டைத் தாண்டினால்தான் பில் எகிறும். அந்த விலை உயர்ந்த யூனிட்டுகளை 540 வாட் பேனலே கழித்துவிடுகிறது. டாப்கான் கூடுதலாகத் தருவது அடிமட்டத்தில் மிஞ்சிய, அரசு இலவசமாகவே தரும் யூனிட்டுகளை. அவற்றுக்காக 14,000 ரூபாய் கொடுத்தால் அது திரும்பி வராது.

இதே கேள்வியை 1,400 யூனிட் ஓட்டுகிற வீட்டார் கேட்டிருந்தால் டாப்கானை வாங்கச் சொல்லியிருப்போம். அங்கே 780 கழிந்த பிறகும் 600க்கு மேல் மிஞ்சும். ஒவ்வொரு கூடுதல் யூனிட்டும் மேல்படியில் இருந்து கழியும். அடுத்த ஆண்டு இரண்டாவது ஏ.சி. வாங்கும் எண்ணம் இருந்தாலும், மாடியில் ஏழாவது பேனலுக்கு இடமே இல்லை என்றாலும், டாப்கான் பக்கம் சாயலாம்.

பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் மானியத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. பேனல், இன்வெர்ட்டர் இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் கணக்கு. மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய்தான்.

கேள்வி: ஒரு பேனலுக்கு 25 ஆண்டு, இன்னொன்றுக்கு 30 ஆண்டு வாரண்டி என்கிறார்கள். 30 ஆண்டு உள்ளதே நல்லதா? – வாசகி, பொள்ளாச்சி.

பதில்: அந்த 25, 30 ஆண்டுகள் மின்சார அளவுக்கான வாரண்டி. பெர்க் பேனலுக்கு வழக்கமாக முதல் ஆண்டு 2 சதவீதமும், பிறகு ஆண்டுக்கு 0.55 சதவீதமும் குறையலாம் என்று எழுதுவார்கள். 25ஆம் ஆண்டு முடிவில் 84.8 சதவீதம் இருக்க வேண்டும். டாப்கானுக்கு முதல் ஆண்டு 1 சதவீதம், பிறகு 0.4, 30ஆம் ஆண்டு முடிவில் 87.4. தாளில் இது பெரிய வித்தியாசம்தான். ஆனால் 'என் பேனல் 3 சதவீதம் கூடுதலாகக் குறைந்துவிட்டது' என்று நிரூபிக்கப் பேனலைக் கழற்றிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். வீட்டுக்காரரால் அது ஆகிற காரியமா?

உங்களுக்குக் கைகொடுப்பது பொருளுக்கான வாரண்டி. கண்ணாடிக்குள் ஈரம் இறங்குவது, பின்பக்க ஷீட் வெடிப்பது, ஜங்ஷன் பாக்ஸ் கருகுவது எல்லாம் இதில்தான் வரும். இது பெரும்பாலும் 12 ஆண்டு. மாற்றுப் பேனலுக்கு வண்டி வாடகையும் கழற்றி மாட்டும் கூலியும் யார் தருவது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏழு ஆண்டுகளுக்கு முன் 335 வாட் பாலி பேனல் 6 போட்டு, 2 கிலோவாட் இன்வெர்ட்டரில் ஓட்டுகிறோம். அதே வரிசையில் 545 வாட் பேனல் இரண்டைச் சேர்க்கலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். வோல்ட் சரியாகத்தான் இருக்கிறதாம். – வாசகர், சேலம்.

பதில்: வோல்ட் சரி. ஆம்பியர் சரியில்லை. தொடராக இணைத்த பேனல்கள் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தான் பாயும். குறைந்தது எதுவோ அதுதான் எல்லோருக்கும். உங்கள் பழைய பேனல் 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகத் தரும், புதியது 13 ஆம்பியர். பழையதோடு கட்டிவிட்டால் 545 வாட் பேனல் 400 வாட் அளவில் நின்றுவிடும். அத்துடன் 2 கிலோவாட் இன்வெர்ட்டரின் தலையில் 3.1 கிலோவாட் பேனலை ஏற்றுகிறீர்கள். உச்சி வெயிலில் அது 2 கிலோவாட்டுக்கு மேல் தராது.

இரண்டு புதிய பேனலுக்குத் தனியாக ஒரு ஸ்ட்ரிங் இன்வெர்ட்டர் (தொடராகக் கோத்த பேனல்களுக்குப் பொதுவானது) வைப்பதும் தோதுப்படாது. இரண்டும் சேர்ந்து 84 வோல்ட்தான் வரும். பல இன்வெர்ட்டர்கள் அந்த வோல்ட்டில் சரியாக விழித்துக்கொள்வதில்லை. பேனலுக்கு அடியிலேயே மாட்டும் மைக்ரோ இன்வெர்ட்டர்தான் இங்கே சரி. எதைச் செய்தாலும் கூடுதல் கிலோவாட்டுக்கு முதலில் மின்வாரியத்தில் விண்ணப்பம் கொடுங்கள்.

புதிதாக வாங்குவோருக்கும் இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. 210 மி.மீ. செல் வைத்த பெரிய பேனல்கள் 17, 18 ஆம்பியர் தரும். இன்வெர்ட்டரின் உள்ளீடு 14 ஆம்பியர் என்றிருந்தால் மிச்சம் வீண்தான். பேனல் தாளில் ஐ.எம்.பி. (முழுத் திறனில் தரும் ஆம்பியர்) என்றிருக்கும் எண்ணையும் இன்வெர்ட்டர் தாளில் அதிகபட்ச உள்ளீட்டு மின்னோட்டம் என்றிருக்கும் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: இருபக்கமும் மின்சாரம் தரும் பைஃபேஷியல் பேனல் போட்டால் 25 சதவீதம் கூடுதலாக வரும் என்று விளம்பரம். கடற்கரையில் இருந்து அரை கிலோமீட்டரில் வீடு. போடலாமா? – வாசகர், தூத்துக்குடி.

பதில்: வீட்டு மாடியில் 25 சதவீதம் வராது. பின்பக்கம் வேலை செய்யத் தரையில் பட்டுத் திரும்பும் ஒளி வேண்டும். தகரக் கூரையோடு ஒட்டி மாட்டினால் பின்பக்கத்துக்கு ஒன்றுமே கிடைக்காது. சாம்பல் நிறத் தளத்தில் இரண்டடி உயரத்தில் மாட்டினால் ஏதோ சில சதவீதம் வரும். எட்டடி உயர ஸ்ட்ரக்சர் போட்டு, கீழே தளத்துக்கு வெள்ளைக் கூல் ரூஃப் பெயின்ட் அடித்து, அடியில் துணிக்கொடி, பழைய சாமான் எதுவும் வைக்காமல் இருந்தால்தான் சொல்லிக்கொள்ளும்படி இருக்கும். விலை ஒன்றாக இருந்தால் வாங்குங்கள். அதற்கென்று கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

கடலோரத்துக்கு வேறொரு காரணத்தால் இது பொருந்தும். இருபக்கமும் கண்ணாடி உள்ள பேனலில் ஈரமும் உப்பும் உள்ளே இறங்குவது கடினம். ஆனால் எடை கூடும்: ஒற்றைக் கண்ணாடிப் பேனல் 28 கிலோ என்றால் இது 32, 33 கிலோ. கண்ணாடியும் 3.2 மி.மீ.க்குப் பதில் 2 மி.மீ.தான், கிளாம்ப்பைக் கண்டபடி முறுக்கினால் ஓரத்தில் விரிசல் விடும். ஐ.இ.சி. 61701 என்ற உப்புக்காற்றுச் சோதனைச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

உங்கள் ஊரில் பேனலைவிட முதலில் வீணாவது இரும்புதான். 80 மைக்ரான் ஹாட் டிப் கால்வனைசிங் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கிய பூச்சு) வேண்டும். ஸ்ட்ரக்சரை முழுதாகத் துளை போட்டு முடித்த பிறகுதான் துத்தநாகத்தில் முக்க வேண்டும். மாடியில் வைத்து டிரில் போட்ட ஒவ்வொரு துளையும் துரு பிடிக்கத் தொடங்கும் இடம். போல்ட், நட்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

கேள்வி: ஹாஃப் கட் பேனல் போட்டால் தண்ணீர்த் தொட்டி நிழல் பட்டாலும் பரவாயில்லை என்கிறார்கள். உண்மையா? – வாசகி, தாம்பரம்.

பதில்: பாதி உண்மை. செல்களைப் பாதியாக வெட்டி வைத்த ஹாஃப் கட் பேனலின் நடுவில் குறுக்கே ஓர் இடைவெளி தெரியும். அதற்கு மேல் பாதியும் கீழ்ப் பாதியும் தனித்தனியாக ஓடி, தொடராக இல்லாமல் இணையாகச் (பேரலல்) சேர்கின்றன. கீழ்ப் பாதியில் மட்டும் நிழல் விழுந்தால் மேல் பாதி பிழைக்கும். இரண்டு பாதியிலும் விழுந்தால் இதற்கும் சாதாரணப் பேனலுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஆகவே தொட்டியை விட்டு விலகுவதே மருந்து. டிசம்பர் நண்பகலில் ஆறடித் தொட்டியின் நிழல் சென்னைப் பக்கம் வடக்கே நாலரை அடி நீளும். காலை ஒன்பது மணிக்கு இன்னும் அதிகம். தொட்டிக்குத் தெற்கே பேனல் வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊரில் ஏப்ரல் கடைசியில் இருந்து ஆகஸ்ட் வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். அப்போது நிழல் தெற்கே விழும். குட்டை நிழல்தான், ஆனாலும் இரண்டடி இடம் விடுங்கள்.

தொட்டியைவிட நயமாகத் திருடும் நிழல் ஒன்று உண்டு: பேனலின் கீழ் விளிம்பில் படியும் சேற்றுக்கோடு. நாம் 10 டிகிரி சாய்வில்தான் மாட்டுகிறோம். மழை பெய்தால் தூசியெல்லாம் கீழே இறங்கி, அலுமினிய ஃபிரேமின் விளிம்பில் தேங்கிக் காயும். விரல் அகலக் கோடுதான். ஆனால் அது கடைசி வரிசைச் செல்களை மூடுகிறது. கழுவும்போது அந்த விளிம்பை மட்டும் தனியாகத் துணியால் துடையுங்கள். வேலையை விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் ஊற்றக் கூடாது. உப்பான போர் தண்ணீரை அப்படியே காயவிட்டால் வெள்ளைத் திட்டு பிடிக்கும்.

கேள்வி: கொட்டேஷனில் சொன்ன பேனல்தான் வந்து இறங்குகிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? – வாசகர், ஸ்ரீரங்கம்.

பதில்: மாடிக்கு ஏற்றும் முன் பின்பக்க ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கள், ஒவ்வொரு பேனலுக்கும். அதில் மாடல், வாட், வி.ஓ.சி. (எதோடும் இணைக்காதபோது வரும் வோல்ட்), ஐ.எஸ்.சி. (இரு முனையையும் நேரே சேர்த்தால் பாயும் ஆம்பியர்), சீரியல் எண் இருக்கும். பல பேனல்களில் முன்பக்கக் கண்ணாடிக்கு அடியிலும் பார்கோடோடு சீரியல் எண் உண்டு. முன்னும் பின்னும் எண் ஒத்துப்போக வேண்டும். கண்ணாடிக்குள் இருப்பதை மாற்ற முடியாது. ஸ்டிக்கரை மாற்றி ஒட்டலாம்.

மானியம் வேண்டுமானால் செல்லும் பேனலும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும், இதைத்தான் டி.சி.ஆர். பேனல் என்கிறார்கள். செல்லை வெளிநாட்டில் வாங்கி இங்கே பேனலாக்கியது விலை குறைவு, ஆனால் மானியம் கிடையாது. உங்கள் சீரியல் எண்கள் அச்சிட்ட டி.சி.ஆர். சான்றையும், அதே எண்களுக்கான ஃபிளாஷ் டெஸ்ட் பட்டியலையும் (தொழிற்சாலையில் ஒவ்வொரு பேனலும் தந்த வாட்டை அளந்து எழுதியது) கேட்டு வாங்குங்கள். பட்டியலில் 540 வாட் பேனலுக்கு 540 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், 538 இருக்கக் கூடாது.

பிறகு வெயிலில் ஒவ்வொரு பேனலையும் மல்டிமீட்டரில் வையுங்கள். ஸ்டிக்கரில் வி.ஓ.சி. 49.5 வோல்ட் என்றிருந்து 45 காட்டினால் பயம் வேண்டாம், சூட்டில் அப்படித்தான் குறையும். 30 அளவில் காட்டினால் பேனலில் மூன்றில் ஒரு பகுதி வேலை செய்யவில்லை; திருப்பி அனுப்புங்கள்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். பேனல் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது, முழங்கால்கூட ஊன்றக் கூடாது. கண்ணாடி தாங்கிவிடும், அடியில் காகிதக் கனத்தில் இருக்கும் செல் கண்ணுக்குத் தெரியாமல் விரியும். இடி தாங்கிக்கு ஒன்று, டி.சி. பக்கத்துக்கு (பேனலில் இருந்து இன்வெர்ட்டர் வரை) ஒன்று, ஏ.சி. பக்கத்துக்கு (இன்வெர்ட்டரில் இருந்து வீட்டு வயரிங் வரை) ஒன்று என மூன்று எர்த் குழிகள் தோண்டியாயிற்றா என்று பாருங்கள்.

கடைசியாக, பேனல் கேபிள்களை ஒன்றோடு ஒன்று செருகும் எம்.சி.4 கனெக்டர். பேனலோடு வரும் கனெக்டரும், கேபிள் முனையில் ஆள் போடும் கனெக்டரும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். வேறு வேறு கம்பெனியும் ஒன்றுக்குள் ஒன்று புகும். ஆனால் உள்ளே உலோகம் சரியாகப் பொருந்தாமல் சூடேறி, சில மாதங்களில் உருகும். கட்டிங் பிளேயரால் நசுக்கிப் போட விடாதீர்கள், அதற்கென்று கிரிம்பிங் டூல் உண்டு. இரண்டையும் சேர்க்கும்போது 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும்; கேட்கவில்லை என்றால் கழற்றித் திரும்ப மாட்டச் சொல்லுங்கள்.