சிறுகோளுக்குப் பெயர்: கேளுங்கள், சொல்கிறேன்

ஈசூன் அப்பா: மகள் பிறந்தநாளுக்கு ஒரு சிறுகோளுக்கு அவள் பெயரை வைக்க எவ்வளவு வெள்ளி ஆகும் அண்ணே?

சிறுகோள் என்பது சூரியனைச் சுற்றும் சிறு பாறை; அதன் பெயர் விற்பனைக்கே கிடையாது. கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள். அந்தக் காசில் பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள்.

செங்காங் அக்கா: பிறகு யார்தான் வைக்கிறார்கள்?

கண்டுபிடித்தவர்தான், ஆனால் உடனே அல்ல. முதலில் '2004 எம்என்4' என்பதுபோல் ஒரு குறியீடு கிடைக்கும். இதில் 'எம்' என்றால் ஜூன் பிற்பாதி. சுற்றுப்பாதை உறுதியானதும் நிரந்தர எண் தருவார்கள், இதற்கு 99942. அதன்பின் பெயரை முன்மொழிய அவருக்குப் 10 ஆண்டுகள். ரோமன் எழுத்தில் 16-க்குள் அடங்க வேண்டும், அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் குழு ஒப்ப வேண்டும். இந்தக் கல்லுக்கு வைத்த பெயர் அபோஃபிஸ், எகிப்தியப் புராணப் பாம்பு. 2029 ஏப்ரல் 13 அன்று பூமிக்கு அருகே வரும். மோதாது, பயம் வேண்டாம்.

பொங்கோல் தம்பி: தமிழர் பெயர் உண்டா?

இதைத்தான் எதிர்பார்த்தேன்! உண்டு, ஆனால் முதலில் ஒரு சென்னைக் கதை. 1861-இல் மதராஸ் வானாய்வகத்தில் வானியலாளர் போக்சன் 67-ஆவது சிறுகோளைக் கண்டார். ஆசியாவிலிருந்து கண்ட முதல் சிறுகோள் என்பதால் 'ஏசியா' என்றே வைத்தார். கிரேக்கப் புராணத்திலும் அப்படி ஒருத்தி உண்டு. தமிழர் பெயர் என்றால், 1988-இல் தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகத்தில் கண்டது 4130 ராமானுஜன், நம்ம கணித மேதை. 4538 விஷியானந்த் நம்ம சதுரங்க ஆனந்த்தான், கண்டவர் ஜப்பானியர்.

உட்லண்ட்ஸ்: என் பூனை பெயர்?

2309 'மிஸ்டர் ஸ்போக்' ஒரு பூனையின் பெயர். அதோடு செல்லப்பிராணி வேண்டாம் என்றுவிட்டார்கள்.

தோ பாயோ: திரு லீ குவான் இயூ பெயர்?

அரசியல், இராணுவத்தால் முதன்மையாக அறியப்பட்டவர் என்றால் மறைந்து 100 ஆண்டுகள் ஆக வேண்டும். 2015-இல் மறைந்தார், ஆகவே 2115.

தோ பாயோ: கோ. சாரங்கபாணி?

1935-இல் தமிழ் முரசைத் தொடங்கியவர், பத்திரிகையாளர். என் கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

பிடோக் ஐயா: தம்பி, அவர் சீர்திருத்தச் சங்கம் நடத்தியவர், குடியுரிமை எடுங்கள் என்று நம் மக்களைத் தூண்டியவர். அது அரசியல் இல்லையா? 1974-இல் மறைந்தார், 2074 வரை பொறுக்க வேண்டியதுதான்.

ஐயா, 'முதன்மையாக' என்ற சொல்லைப் பாருங்கள். பேனாவை எடுத்துவிட்டால் சாரங்கபாணி ஏது?

பிடோக் ஐயா: பேனா எதற்குப் பிடித்தார் என்று கேட்கிறேன்.

சரி, உங்களோடு தேக்கா கோப்பிக் கடையில்தான் தீர்க்க வேண்டும். குழு என் பக்கம் என்றே பந்தயம் கட்டுவேன்.

ஜூரோங்: என் ராசிக்கு எந்தச் சிறுகோள்?

சோதிடரைக் கேளுங்கள்.

தெம்பனிஸ்: மனைவி பெயரில் ஒன்று வாங்க எவ்வளவு?

மேலே, முதல் பதில்.

புக்கிட் பாத்தோக்: நட்சத்திரம் என்றால் வாங்கலாமா?

முதல் பதில்!

பிடோக் ஐயா: ஒரு வேளை குழு ஒப்பினாலும், சாரங்கபாணி என்று ரோமன் எழுத்தில் எழுதினால் கடைசி எழுத்து 'ஐ'-யா, 'ஒய்'-யா?

ஐயா, இரண்டிலும் பதினொரு எழுத்துதான். அடங்கும்.