மறுமொழி: யூதத் தொழுகைக்கூடத்தில் உதவி கேட்கலாமா?

வணக்கம். லண்டனில் புகலிடம் கோரிக் காத்திருக்கும் உங்கள் தம்பி, யூதத் தொழுகைக்கூடம் ஒன்றில் தரப்படும் உதவியைப் பெறப் போனால் மதம் மாறச் சொல்வார்களோ, வழக்கு பாதிக்கப்படுமோ என்று கேட்டிருந்தீர்கள்.

முதல் அச்சத்துக்கு இடமே இல்லை. யூத சமயத்தில் மதமாற்றப் பிரசாரம் வழக்கமில்லை. தாமாக விரும்பி வருபவரைக்கூட ரபிகள் (யூத மதகுருக்கள்) எளிதில் ஏற்பதில்லை. அகதி வாழ்வு யூதர்களும் அறிந்ததே. 1938-39இல் பெற்றோரைப் பிரிந்து, நாஜிகளிடமிருந்து தப்பி பிரிட்டனுக்கு வந்த ஏறத்தாழ 10,000 குழந்தைகளில் பெரும்பாலோர் யூதர்கள். அவர்களின் மீட்பில் பங்கெடுத்த, 1933இல் யூத அகதிகளுக்கெனத் தொடங்கப்பட்ட அமைப்பே இன்று வேர்ல்ட் ஜூயிஷ் ரிலீஃப் என்ற பெயரில் சிரிய, உக்ரைனிய அகதிகளுக்கும் வேலை தேட உதவுகிறது.

உணவும் உடையும் பெறுவது புகலிடக் கோரிக்கையின் தகுதியைப் பாதிக்காது. ஆனால் தம்பி அரசின் உதவித்தொகை பெறுபவரானால், வெளியிலிருந்து தொடர்ந்து வரும் பணத்தை உள்துறைக்குத் தெரிவித்துவிட வேண்டும். வழக்கு பற்றிய ஆலோசனை சொல்பவர் யாராயினும், அவர் வழக்கறிஞரா, குடிவரவு ஆலோசகராக முறைப்படி பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளட்டும். நல்ல மனம் மட்டும் இதற்குப் போதாது.

வாசலில் காவலர்கள் பையைத் திறந்து பார்க்கலாம். அது தம்பிமீதான சந்தேகமன்று, தாக்குதல் அச்சத்தால் எல்லோருக்கும் செய்யப்படும் சோதனை. புகலிடக் கோரிக்கையாளர் அட்டையைக் கையில் வைத்திருப்பது நல்லது. வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை ஓய்வுநாள் என்பதால், மற்ற நாட்களில் தொலைபேசியில் நேரம் கேட்டுச் செல்லச் சொல்லுங்கள்.