வாழைக்கு விதை எங்க போச்சு?

கேள்வி: கொல்லைல பூவன் வாழை குலை தள்ளியிருக்கு. தார் வெட்டினதும் மரத்தையும் வெட்டிடணும்னு மாமியார் சொல்றாங்க. பச்சையா நிக்கிற மரம், அடுத்த வருஷமும் காய்க்காதா? – ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: காய்க்காதுங்க, மாமியார் சொல்றது சரிதான். நாம மரம்னு சொல்றது வெறும் இலை மட்டைங்க ஒண்ணுமேல ஒண்ணு சுத்திக்கிட்டு நிக்கிறது, அசல் தண்டு மண்ணுக்குள்ள கிழங்கா இருக்கு. அந்த கிழங்கோட குருத்து மாசக்கணக்கா இலையா விட்டுக்கிட்டே இருந்துட்டு ஒரு கட்டத்துல பூவா மாறிடும், அதைத் தூக்கிக்கிட்டு ஒரு தண்டு நடுவுல ஏறி உச்சி வழியா வெளிய வரும், நாம பொரியல் பண்ற வாழைத்தண்டு அதேதான். குருத்தே பூவா போயிட்டதால இனிமே புது இலையும் வராது, இன்னொரு குலையும் வராது. ஆனா கிழங்கு சாகல, பக்கத்துல கன்னு விட்டிருக்கும் பாருங்க. இலை அகலமா இருக்கிற நீர்க்கன்னை எடுத்துட்டு, ஒடுக்கமா இலை விட்ட ஈட்டிக்கன்னு ஒண்ணை மட்டும் விடுங்க, அதுதான் உங்க அடுத்த தார்.

கேள்வி: விதையே இல்லாம பழம் மட்டும் எப்படி வருது? – அதே வாசகி

பதில்: குலைல முதல்ல விரியறது பெண் பூ, அதுங்கதான் சீப்பு சீப்பா காயாகுது. கீழ தொங்குற மொட்டுக்குள்ள இருக்கிறது ஆண் பூ, நம்ம வடைக்கும் கூட்டுக்கும் போறது. (ஆயும்போது கள்ளன்னு பிடுங்கி போடுறோமே, தலை உருண்ட குச்சி, அது ஆண் பூவுக்குள்ள வேலையில்லாம மிச்சமிருக்கிற பெண் உறுப்பு!) காட்டு வாழைல வௌவால் மகரந்தம் சேர்க்கும், பழம் முழுக்க பல்லை உடைக்கிற கறுப்பு விதை, சதை கொஞ்சம்தான். பூவன், ரஸ்தாளி, நேந்திரன்ல குரோமோசோம் (செல்லுக்குள்ள மரபுக் குணத்தை சுமக்கிற இழை) 2 செட்டுக்கு பதிலா 3 செட், மொத்தம் 33, இதை ரெண்டா சமமா பிரிக்க முடியாததால விதை பிடிக்கறதில்ல, மகரந்தம் படாமலே சூலகம் தானா பருத்து பழமாயிடுது. பழத்து நடுவுல தெரியற குட்டிப் புள்ளிங்க விதையாகாம போன சூல்.

கேள்வி: அப்போ ஊர்ல இருக்கிற பூவன் எல்லாம் ஒரே மரமா? – மாணவர், தேனி

பதில்: கிட்டத்தட்ட ஆமா தம்பி, கன்னு வழியா வர்றதெல்லாம் தாயோட நகல்தான். இதுல ஆபத்தும் இருக்கு, ஒண்ணை சாய்க்கிற நோய் எல்லாத்தையும் சாய்க்கும். லத்தீன் அமெரிக்காவுல ஏற்றுமதிக்கு போட்ட குரோ மிஷெல்ங்கிற வாழை ரகத்தோட தோட்டங்களை 1950கள்ல பனாமா வாடல் நோய் அழிச்சதாலதான் கேவண்டிஷ்ங்கிற இன்னொரு ரகம் உள்ள வந்துச்சு. நம்ம ரஸ்தாளிக்கும் இந்த வாடல் உண்டு, அதனால நோய் வந்த தோட்டத்துல சும்மா குடுத்தாலும் கன்னு வாங்காதீங்க.